மறைக்க இடமில்லாத ஊர்: சிற்றூர் நகைச்சுவைத் தொடர்களில் காதல் பொய்

காதலுக்காகச் சொல்லும் பொய், நகைச்சுவை நாடகத்தின் மிகப் பழைய மூலதனம். ரோமானிய நாடகாசிரியர் பிளாட்டஸ் தொடங்கி ஷேக்ஸ்பியர் வரை ஆள்மாறாட்டம், மாற்றுவேடம், கைமாறிய கடிதம் ஆகியவற்றை வைத்தே எத்தனையோ நாடகங்கள் நகர்ந்திருக்கின்றன. அவை எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு நிபந்தனை உண்டு. எதிரில் நிற்பவர் உண்மையில் யார் என்பது ஏமாறுகிறவருக்குத் தெரிந்திருக்கக் கூடாது. ஆகவே அந்நியரும் துறைமுகமும் காடும் பெருநகரமும் அந்த நாடகங்களுக்குத் தேவைப்பட்டன. சிற்றூரைக் களமாகக் கொண்ட தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடர்கள் இந்த நிபந்தனையையே நீக்கிவிட்டன. அங்கே எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். யார் யாரோடு எந்தக் கடையில் உட்கார்ந்து காபி குடித்தார்கள் என்பது மாலைக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். அப்படிப்பட்ட ஊரில் காதல் பொய் எப்படிச் செல்லுபடியாகிறது? செல்லுபடியாவதே இல்லை என்பதும், அந்தத் தோல்வியில்தான் இவ்வகைத் தொடர்களின் உயிர் இருக்கிறது என்பதும் இக்கட்டுரையின் வாதம். இவற்றில் வரும் பொய், பிறரை ஏமாற்றும் கருவி என்பதைவிட, அளவுக்கு மீறி அறியப்பட்ட மனிதன் தன் மானத்துக்கு ஒதுங்க இடம் தேடும் முயற்சி. பொய் பிடிபட்ட பிறகு ஊர் அதை என்ன செய்கிறது என்பதில்தான் கதையின் அறம் அடங்கியிருக்கிறது.

இவ்வகையின் முதன்மைச் சான்று ‘த ஆண்டி கிரிஃபித் ஷோ’. அமெரிக்காவின் சிபிஎஸ் தொலைக்காட்சியில் 1960 அக்டோபர் 3 முதல் 1968 ஏப்ரல் 1 வரை எட்டுப் பருவங்களில் 249 அத்தியாயங்களாக வந்தது. கடைசிப் பருவத்தில் அந்நாட்டின் பார்வையாளர் கணக்கெடுப்பில் முதலிடத்தில் இருந்தபோதே நிறைவுபெற்றது. கதை நடக்கும் மேபெரி, வட கரோலினா மாநிலத்தில் இருப்பதாகக் கற்பனை செய்யப்பட்ட ஊர். தொடரின் நாயகன் ஆண்டி கிரிஃபித் பிறந்து வளர்ந்த மவுன்ட் ஏரியும் அதே மாநிலத்தில்தான் இருக்கிறது. மனைவியை இழந்த ஷெரீஃப் ஆண்டி டெய்லர், அவருடைய சிறுவயது மகன் ஓப்பி, வீட்டைக் கவனித்துக்கொள்ளும் பியாட்ரிஸ் அத்தை, டான் நாட்ஸ் நடித்த துணை ஷெரீஃப் பார்னி ஃபைஃப் ஆகியோரைச் சுற்றியே கதைகள் அமைந்தன. இந்த ஊரின் தொலைபேசியை மட்டும் கவனித்தால் போதும், அங்கே காதல் பொய்யின் கதி என்ன என்பது விளங்கிவிடும். பார்னிக்குத் தெல்மா லூ என்ற நிலையான காதலி இருக்கிறாள். ஆனாலும் உணவகத்தில் பரிமாறும் ஹுவானிட்டாவோடு அவ்வப்போது தொலைபேசியில் குழைந்து பேசுவான், பாட்டும் பாடுவான். மேபெரியில் யாரோடு பேச வேண்டுமானாலும் இணைப்பகத்தில் இருக்கும் சாராவிடம் கேட்டுத்தான் இணைப்பு வாங்க வேண்டும். ஊரார் எல்லாரும் சாராவோடு உடல்நலம் விசாரித்துப் பேசுகிறவர்கள். சாராவும் ஹுவானிட்டாவும் ஒருமுறைகூடத் திரையில் தோன்றுவதில்லை. கண்ணுக்குத் தெரியாத ஒரு பெண்ணோடு வைத்திருக்கும் ரகசியம், கண்ணுக்குத் தெரியாத இன்னொரு பெண்ணின் காது வழியாகத்தான் போயாக வேண்டும் என்ற அமைப்பைத் தொடர் எங்கும் விளக்கிச் சொல்வதில்லை. விளக்கத் தேவையும் இல்லை.

1964இல் வந்த ஓர் அத்தியாயம் இந்த இயக்கத்தைக் கிட்டத்தட்டச் சூத்திரமாகவே காட்டுகிறது. மவுன்ட் பைலட் நகருக்குக் காரில் போகும் வழியில், பெட்ரோல் நிலையத்தில் வேலை பார்க்கும் கோமரிடம் பார்னி பெருமையடிக்கிறான். தெல்மா லூ தன் சட்டைப்பைக்குள் அடக்கம், எப்போது கூப்பிட்டாலும் வருவாள் என்பது அவன் பேச்சின் சாரம். கோமர் சூது அறியாதவன். கேட்டதை அப்படியே தெல்மா லூவிடம் போய்ச் சொல்லிவிடுகிறான். அவள் பார்னியைப் பொறாமைப்பட வைக்கக் கோமரோடு பழகத் தொடங்குகிறாள். அவள் கன்னத்தில் கொடுத்த ஒரு முத்தத்தைத் திருமண வாக்குறுதியாகவே கோமர் எடுத்துக்கொள்கிறான். பார்னியின் பெருமைப் பேச்சும் பொய், தெல்மா லூவின் புதுக் காதலும் பொய். இரண்டுக்கும் நடுவில் நிற்கிற ஒரே உண்மையான ஆள் கோமர். அவன் உண்மையானவனாக இருப்பதாலேயே இரண்டு பொய்களும் உடைகின்றன. பெருநகரக் கேலிக்கூத்தில் பொய்யை உடைக்க ஒரு புத்திசாலி தேவைப்படுவார். சிற்றூர்க் கதையில் அந்த வேலையைச் செய்பவன் பொய் என்றால் என்னவென்றே அறியாத அப்பாவி. இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. பார்னி பொய் சொன்னது தெல்மா லூவிடம் அல்ல. அவளிடம் அவன் எப்போதும் பணிவும் தடுமாற்றமும் நிறைந்தவன்தான். அவன் ஏமாற்ற விரும்பியது, தன்னைச் சிறுவயதிலிருந்தே அறிந்த, தன் சட்டைப்பையில் ஒரே ஒரு தோட்டா மட்டும் இருப்பதை அறிந்த ஊரை. துப்பாக்கியில் தோட்டா போட்டுக்கொள்ளக்கூட அனுமதி இல்லாத காவலன், காதலிலாவது தான் ஆளத் தெரிந்தவன் என்று ஒருவனாவது நம்ப வேண்டும் என்று ஏங்குகிறான். அந்த ஏக்கம் நமக்குப் புரிவதால்தான் அவனைப் பார்த்துச் சிரிக்கும்போது வெறுப்பு வருவதில்லை.

பெருமைப் பொய்க்கு நேரெதிரான இன்னொரு வகையும் மேபெரியில் உண்டு. பியாட்ரிஸ் அத்தையின் தோழி கிளாரா ஒருநாள் அவர் மனத்தில் ஒரு கவலையை விதைக்கிறாள். அத்தை அந்த வீட்டில் இருக்கும்வரை ஆண்டி மறுமணம் செய்துகொள்ள மாட்டான் என்கிறாள். உடனே அத்தை, ஊரில் சலவைக் கடை நடத்தும் ஃபிரெட் காஸ் மீது தனக்குக் காதல் வந்துவிட்டதுபோல் நடந்துகொள்கிறார். அந்த மனிதருக்குத் துணிக்கறைகளையும் சலவையையும் தவிரப் பேச வேறு விஷயமே கிடையாது. ஆண்டிக்கும் அவரைப் பிடிப்பதில்லை. ஆனாலும் அத்தை மகிழ்ச்சியாக இருக்கிறார் என்று நம்பி, பிடித்ததுபோல் காட்டிக்கொள்கிறார். ஒருவருக்காக இன்னொருவர் தன் விருப்பத்தை மறைக்கிற இந்த இரட்டை நாடகத்தில் வில்லன் என்று யாரும் இல்லை. ஃபிரெட் காஸும் நல்லவர்தான், சலிப்பூட்டுகிறவர், அவ்வளவே. இங்கே பொய்யை உடைப்பது கண்டுபிடிப்போ விபத்தோ அல்ல. திருமணம் என்பது எதற்காக என்று ஆண்டி மனம் திறந்து பேசும்போது அது தானாகக் கலைந்துபோகிறது. காதலே இல்லாத இடத்தில் காதல் இருப்பதாகச் சொன்ன பொய், அந்த வீட்டில் வேறொரு வகையான அன்பு எவ்வளவு ஆழமாக இருக்கிறது என்பதற்குச் சாட்சியாகிவிடுகிறது. முகத்தைக் காக்கும் பொய், பிறர் வாழ்வைக் காக்கும் பொய் ஆகிய இரண்டையும் இத்தொடர் ஒரே அளவுகோலால் அளப்பதில்லை. ஆனால் இரண்டுக்கும் ஒரே முடிவைத் தருகிறது. இரண்டும் அந்த அத்தியாயத்தைத் தாண்டி உயிர் வாழ்வதில்லை.

ஊரே சேர்ந்து ஆடும் பொய் மூன்றாவது வகை. 1960இல் வந்த ஒரு தொடக்ககால அத்தியாயத்தில், தன்னம்பிக்கை இழந்த பார்னியை ஒரு பெண்ணின் கண்ணில் வீரனாகக் காட்டுவதற்காக ஆண்டி மருந்துக் கடையில் போலிக் கொள்ளை ஒன்றை ஏற்பாடு செய்கிறார். பார்னி யாரோ ஒருவனைக் கைது செய்துகொண்டு வருகிறான். அப்பாவியைப் பிடித்துவிட்டானே என்று ஆண்டி தவிக்க, வந்தவன் உண்மையிலேயே தேடப்படும் குற்றவாளி என்று தெரியவருகிறது. 1963இல் வந்த மலைக் கல்யாணக் கதையில், டார்லிங் குடும்பத்துப் பெண் சார்லீனை எர்னஸ்ட் டி. பாஸ் தொந்தரவு செய்கிறான். அவளுக்கு ஏற்கெனவே சட்டப்படி திருமணம் ஆகிவிட்டது. பாதிரியார் நடத்தி வைக்கவில்லை, ஆகவே அது செல்லாது என்பது அவன் வாதம். அவனைத் திசைதிருப்பப் பார்னிக்கு மணமகள் உடையும் முகத்திரையும் அணிவிக்கிறார்கள். எர்னஸ்ட் டி. பார்னியைத் தூக்கிக்கொண்டு ஓடும் நேரத்தில் உண்மையான திருமணம் நடந்து முடிகிறது. மேபெரியில் வெற்றி பெறும் காதல் பொய்கள் பெரும்பாலும் இந்த வகையைச் சேர்ந்தவை. ஒருவருக்குப் பாதுகாப்போ தைரியமோ கொடுக்கப் பலர் கூடிச் செய்பவை. தனக்கு ஆதாயம் தேடிச் சொல்லப்படும் பொய்க்கு அங்கே இடமில்லை. அத்தையின் பழைய நண்பன் என்று வந்து நிற்கும் ரோஜர் ஹானோவர், பணம் கொடுத்தால் போய்விடுகிறேன், இல்லையென்றால் அத்தையை மணந்துகொள்வேன் என்று மிரட்டுகிறான். ஆண்டி அசையாமல் நின்றதும் அவன் ஊரைவிட்டே போய்விடுகிறான். அவன் வெளியூர்க்காரன் என்பது தற்செயல் அல்ல.

பொய் சொல்ல யாருமே இல்லாதபோது ஊரே பொய்யை உண்டாக்கிவிடும் என்பதையும் இத்தொடர் அறிந்திருக்கிறது. 1964இல் வந்த இன்னோர் அத்தியாயத்தில் ஆண்டியும் பள்ளி ஆசிரியை ஹெலன் கிரம்பும் நகைக் கடையில் நிற்பதைப் பார்னி பார்த்துவிடுகிறான். அவர்கள் வாங்கியது வேறொருவருக்கான பரிசு. பார்னியின் வாயில் அது நிச்சயதார்த்தமாக மாறி, ஊரே திரண்டு விருந்து ஏற்பாடு செய்துவிடுகிறது. தமிழ் வாசகர்களுக்கு இந்த இடம் புதியதாக இருக்காது. நம் அக இலக்கியம் களவுக் காதலை ஊர் அறிந்து பேசுவதை அம்பல், அலர் என்று படிப்படியாகப் பிரித்துப் பார்த்தது. அலர் எழுவதே காதலரைத் திருமணத்தை நோக்கித் தள்ளும் விசை என்பதையும் உணர்ந்திருந்தது. திருக்குறளின் 115ஆம் அதிகாரம் அலரைக் காதலுக்குத் துணையாகவே காண்கிறது. மேபெரி அத்தியாயத்தின் நகைச்சுவை, களவே இல்லாத இடத்தில் அலர் மட்டும் எழுந்துவிட்டதில் இருக்கிறது. ஊர்வாய் இருவரைச் சேர்த்து வைக்கத் துடிக்கிறது, அவர்களோ அந்த முடிவுக்கு இன்னும் வந்திருக்கவில்லை. யாரையும் இழிவுபடுத்தப் பிறந்த வதந்தி அல்ல அது, வாழ்த்தப் பிறந்தது. ஆனால் வாழ்த்தும்கூட ஒருவர் வாழ்க்கையின் வேகத்தை அவரைக் கேட்காமல் முடிவு செய்கிறது என்பதைச் சங்கடத்தோடு நிற்கும் அந்த இருவர் முகங்களில் பார்க்கலாம்.

கடல் கடந்து பிரிட்டனுக்குப் போனால் இதே இயக்கம் வேறு தட்பவெப்பத்தில் நடக்கிறது. ஜிம்மி பெர்ரியும் டேவிட் கிராஃப்டும் எழுதி, பிபிசி 1968 முதல் 1977 வரை ஒளிபரப்பிய ‘டாட்ஸ் ஆர்மி’, இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் தென்கடற்கரையில் இருப்பதாகக் கற்பனை செய்யப்பட்ட வால்மிங்டன்-ஆன்-சீ என்ற ஊரில் நடக்கிறது. அங்கே சார்ஜென்ட் வில்சனுக்கும் விதவையான பைக் அம்மையாருக்கும் உள்ள உறவு எல்லாருக்கும் தெரியும், யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. அம்மையாரின் மகன் ஃபிராங்க் மட்டும் வில்சனை ‘ஆர்தர் மாமா’ என்று அழைத்தபடி எதையும் யோசிக்காமல் இருக்கிறான். இங்கே பொய் என்று தனியாக ஒரு வாக்கியமும் கிடையாது. ஊரின் மௌனமே பொய். 1970இல் வந்த ஓர் அத்தியாயத்தில் வங்கி மேலாளர் கேப்டன் மெயின்வாரிங், தன் தலைமையிலான ஊர்க்காவல் படைப்பிரிவில் சேர வந்த கிரே அம்மையாரிடம் மனத்தைப் பறிகொடுக்கிறார். அவருடைய மனைவி தொடர் முழுக்கத் திரைக்கு வராதவர். கடமைக்காகச் சந்திப்பதாகச் சொல்லிக்கொள்கிற இருவரையும் ஊர் கவனிக்கத் தொடங்குகிறது. பேச்சு வளரும் முன்பே விலகிவிட முடிவு செய்து கிரே அம்மையார் ரயில் ஏறுகிறார். போகாதீர்கள் என்று நிலையத்தில் கெஞ்சும் மெயின்வாரிங், தொடர் முழுதும் நாம் பார்த்த ஆணவக்காரர் அல்ல. அவர் சொன்ன ஒரே பொய் தனக்குத்தானே சொல்லிக்கொண்டது. அது உடைந்தபோது அவர் இழந்தது ஒரு பெண்ணை மட்டும் அல்ல, தன்னைப் பற்றிய பிம்பத்தையும்தான். மேபெரியில் பொய் உடைந்தால் விருந்தும் சிரிப்பும் மிஞ்சும். வால்மிங்டனில் தனிமை மிஞ்சுகிறது.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். சிற்றூரில் பொய் நிலைக்காது என்றால், ராய் கிளார்க் எழுதி 1973 முதல் 2010 வரை பிபிசியில் ஓடிய ‘லாஸ்ட் ஆஃப் த சம்மர் ஒயின்’ தொடரில் ஹோவர்ட் பல்லாண்டுகள் மனைவி பேர்லுக்குத் தெரியாமல் மரீனாவைச் சந்தித்தது எப்படி? யார்க்‌ஷயரின் ஹோம்ஃபர்த் ஊரில் படமாக்கப்பட்ட அத்தொடரில் ஹோவர்ட் சீட்டு அனுப்புகிறான், சைக்கிளில் மலையோரம் போகிறான், மாட்டிக்கொள்ளாமலிருக்கப் பக்கத்து வீட்டு கிளெக்கையும் நண்பர்களையும் துணைக்கு இழுக்கிறான். ஆனால் கூர்ந்து பார்த்தால் பேர்ல் ஏமாந்தவள் அல்ல. அவளுக்குத் தெரியும். தெரியும் என்பது ஹோவர்டுக்கும் அரைகுறையாகத் தெரியும். பெண்கள் கூடித் தேநீர் குடிக்கும் அறையில் ஆண்களின் நடத்தை ஓயாமல் அலசப்படுகிறது. ஹோவர்டின் பொய் நீடிப்பது அது உறுதியானது என்பதால் அல்ல. அது எங்கும் போய்ச் சேராது என்பதைப் பேர்லும் ஊரும் கணித்துவிட்டதால்தான். மரீனாவோடு அவன் கழிக்கும் நேரத்தில் பெரும்பகுதி பயத்திலேயே கழிகிறது. ஆகவே இது என் வாதத்துக்கு விலக்கு அல்ல, அதன் மறுபக்கம். சிற்றூரில் ஒரு பொய் நீடித்தால், அதை நீடிக்க விடுவது என்று பலர் சேர்ந்து முடிவு செய்திருக்கிறார்கள் என்றே பொருள்.

இதைவிடக் கடினமான சான்றும் அதே தொடரில் உண்டு. நோரா பேட்டியை வெளிப்படையாகத் துரத்திக்கொண்டே இருந்த காம்போவாக நடித்த பில் ஓவன் 1999இல் காலமானார். 2000இல் காம்போவின் மரணமும் தொடரின் கதையாயிற்று. அப்போதுதான் ரெஜி அன்ஸ்வர்த் என்ற பெண் இறுதிச் சடங்குக்கு வருகிறாள். வாரந்தோறும் வியாழக்கிழமை காம்போ அவளைச் சந்தித்து வந்தது தெரியவருகிறது. ஊரே வேடிக்கை பார்க்க நடந்த காதல் ஒருபக்கம், யாரும் அறியாத காதல் மறுபக்கம். இந்த ரகசியம் உண்மையிலேயே காக்கப்பட்டது, என் பொதுவிதியை இது மீறுகிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் எழுத்தாளர் அதை எங்கே வைத்தார் என்பது முக்கியம். அந்த ரகசியத்திலிருந்து ஒரு சிரிப்பைக்கூட அவர் அதுவரை எடுக்கவில்லை. பிடிபடும் வாய்ப்பு இல்லாத பொய்யை நகைச்சுவைக்குப் பயன்படுத்த முடியாது என்பதால்தான் அது மரணத்துக்குப் பின்னே வருகிறது, துக்கத்தின் பகுதியாக வருகிறது. பெருநகரத் தொடரோடு ஒப்பிட்டால் வேறுபாடு தெளிவாகும். 1977 முதல் 1984 வரை வந்த ‘த்ரீஸ் கம்பெனி’யில், சான்டா மோனிகாவில் இரு பெண்களோடு ஒரே குடியிருப்பில் தங்குவதற்காக ஜாக் டிரிப்பர் தான் ஓரினச்சேர்க்கையாளன் என்று வீட்டுக்காரரிடம் நடிக்கிறான். தொடரின் அடித்தளமே அந்தப் பொய்தான். வீட்டுக்காரருக்கு ஜாக்கின் ஊரோ உறவோ பள்ளித் தோழர்களோ தெரியாது. அங்கே பொய் ஒரு வாடகை ஒப்பந்தம்போல ஆண்டுக்கணக்கில் செல்லும். மேபெரியில் பார்னி அப்படி ஒரு வாரம்கூடத் தாக்குப்பிடிக்க மாட்டான்.

அடுத்த மறுப்பு பெண்கள் சார்ந்தது. இக்கதைகளில் ஆண் பொய் சொல்வான், பெண் காத்திருப்பாள், கடைசியில் மன்னிப்பாள். இதில் என்ன அறம் என்று கேட்கலாம். தனித்தனி அத்தியாயங்களை மட்டும் பார்த்தால் இந்தக் குற்றச்சாட்டில் நிறைய உண்மை இருக்கிறது. வாரந்தோறும் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பும் வடிவம், தெல்மா லூவின் பொறுமைக்கு விலை எதுவும் இல்லை என்ற எண்ணத்தைத் தருகிறது. ஆனால் தொடர் தன் முழு நீளத்தில் வேறொரு கணக்கை முடித்து வைத்தது. டான் நாட்ஸ் 1965இல் தொடரை விட்டு விலகினார். 1966இல் விருந்தினராக வந்த அத்தியாயத்தில், பார்னி பள்ளித் தோழர்கள் கூடும் விழாவுக்கு மேபெரி திரும்புகிறான். தெல்மா லூவைப் பார்த்ததும் மலர்ந்துபோகிறான். அவள் தன் கணவனை அறிமுகப்படுத்துகிறாள். சட்டைப்பைக்குள் இருப்பதாக அவன் பெருமையடித்த பெண், அவன் கேட்காமலே விட்ட கேள்விக்கு வேறிடத்தில் பதில் சொல்லிவிட்டாள். ஊர் ஒவ்வொரு வாரமும் பார்னியை மன்னித்தது. காலம் மன்னிக்கவில்லை. 1986இல் வந்த ‘ரிட்டர்ன் டு மேபெரி’ தொலைக்காட்சிப் படத்தில் இருவரும் மணந்துகொள்கிறார்கள் என்பது உண்மை. ஆனால் அந்த இணைவு இருபது ஆண்டு இழப்புக்குப் பிறகே வருகிறது, இழப்பை அது அழித்துவிடுவதில்லை.

மிகக் கனமான மறுப்பு, இந்த ஊர்களில் யார் இருந்தார்கள் என்பது. மேபெரி முதன்முதலில் ஒளிபரப்பான 1960ஆம் ஆண்டின் பிப்ரவரி 1 அன்றுதான், அதே வட கரோலினாவின் கிரீன்ஸ்பரோ நகரில் நான்கு கறுப்பின மாணவர்கள் வெள்ளையருக்கு மட்டுமேயான உணவு மேசையில் அமர்ந்து போராட்டத்தைத் தொடங்கினார்கள். மேபெரியின் உணவகத்தில் அந்த வரலாற்றின் நிழல்கூட விழவில்லை. எட்டுப் பருவங்களில் பேசத்தக்க பாத்திரம் பெற்ற கறுப்பின நடிகர் என்று 1967இல் ஓர் அத்தியாயத்தில் வந்த ராக்னி டார்கிங்டன் ஒருவரைத்தான் சொல்ல முடியும். எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும் என்ற வாக்கியத்தில் உள்ள ‘எல்லாரும்’ எவ்வளவு சுருங்கியது என்பதை இது காட்டுகிறது. இந்த மறுப்பை நான் மறுக்கவில்லை. இதை ஏற்றுக்கொண்டால்தான் என் வாதம் முழுமை பெறுகிறது. பொய்யை மென்மையாகப் பிடித்து மென்மையாக மன்னிக்கும் ஊர், தன்னவர் என்று முன்பே ஒப்புக்கொண்டவர்களுக்கு மட்டுமே அந்த மென்மையைத் தருகிறது. பார்னியின் அசட்டுத்தனம் மன்னிக்கப்படுகிறது. மேபெரியின் எல்லைக்கு வெளியே நிறுத்தப்பட்டவருக்கு அசடாக இருக்கும் உரிமைகூடக் கிடைத்திருக்காது. அந்த மென்மை போலியானது என்று இதனால் முடிவு செய்ய வேண்டியதில்லை. அது அரிதான ஒன்று, பங்கிடப்படாத ஒன்று என்பதே முடிவு. அதைக் கண்டு ஏங்குகிற இன்றைய பார்வையாளர் இதையும் சேர்த்தே நினைக்கக் கடமைப்பட்டவர்.

சிபிஎஸ் 1971 வாக்கில் கிராமப்புறத் தொடர்களை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தியதோடு அமெரிக்காவில் இந்த அலை ஓய்ந்தது. பழைய நாட்களின் இனிமை என்று ஒதுக்கி வைப்பதே இவற்றைப் பற்றிய பொதுவான விமர்சனப் போக்கு. அது போதாது என்று நினைக்கிறேன். தனிமையே இல்லாத இடத்தில் மனிதர்கள் எப்படி ஒருவரையொருவர் சகித்து வாழ்வது என்ற கேள்வியை இத்தொடர்கள் அளவுக்குப் பொறுமையாக ஆராய்ந்த வெகுசன வடிவம் வேறொன்று எனக்குத் தென்படவில்லை. பார்னியின் பெருமையும் அத்தையின் தியாகமும் மெயின்வாரிங்கின் தன்னேமாற்றமும் பேர்லின் அறிந்த மௌனமும் அந்தக் கேள்விக்கு நான்கு வெவ்வேறு விடைகள். எல்லாருடைய நடமாட்டமும் செல்பேசியில் பதிவாகி, எல்லாருடைய காதலும் சமூக ஊடகத்தில் அலசப்படும் காலத்தில் நாம் மறுபடி மறைக்க இடமில்லாத ஊருக்குக் குடிவந்திருக்கிறோம். சாராவின் காது இப்போது எங்கும் இருக்கிறது, ஆண்டியின் பெருந்தன்மை எங்கும் இல்லை. அதனால் இத்தொடர்களை மீண்டும் பார்க்கும்போது பொய் சொன்னவர் எப்படிப் பிடிபட்டார் என்பதில் மட்டும் நின்றுவிடக் கூடாது. பிடித்தவர்கள் அவருடைய மானத்தை எவ்வளவு மிச்சம் வைத்துத் திருப்பிக் கொடுத்தார்கள் என்பதையும் கவனிக்க வேண்டும். ஓர் ஊரின் தரத்தை அளக்க அதைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியவில்லை.